இடமிருந்து வலம்

முதலில் அனுப்பியது எனக்குத் தெரிந்த அழகு.
தலையில் சங்கத்தின் மயில் முத்திரை,
மூன்று நிறத்தில் தலைப்பு,
வரிகளுக்கு நடுவே ஒட்டிய பன்னிரண்டு படங்கள்,
தலைவர் படையாச்சியின் வாழ்த்துரை
(தண்ணீர் வராததற்கு எதற்கு வாழ்த்துரை என்று
அப்போது தோன்றவில்லை).
கோப்பின் பெயர்: கடைசி_புதுசு_இதுதான்கடைசி.

சாட்ஸ்வொர்த் வாரப் பத்திரிகையின் ஆசிரியை நொகுதூலா
புதன் மதியம் கூப்பிட்டாள்.
"நாலு மணிக்குப் பக்கம் மூடுகிறோம்.
உங்கள் கோப்பு இன்னும் என் திரையில்
சக்கரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.
எழுத்தை எழுத்தாக அனுப்புங்கள்.
படத்தைப் படமாக அனுப்புங்கள்.
கலந்து கொடுத்தால்
நான்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்."

பிரித்தேன்.
பன்னி சௌ ரொட்டிக்குள் ஊறிப்போன குழம்பைத்
திரும்பக் கரண்டியில் எடுக்கிற வேலை.
மயில் போயிற்று. நிறம் போயிற்று.
வாழ்த்துரையில் ஒரு வாக்கியம் தேறியது.
மொத்தம் ஒன்பது வரி:
க்ராஸ்மூர் சரிவில் பதினோரு நாளாகக்
குழாயில் காற்று மட்டும் வருகிறது, இத்யாதி.

"படம் ஒன்று போதும். ஆனால்
இடமிருந்து வலம், யார் யார், முழுப்பெயர்."

லோகநாதன் படையாச்சி, வெள்ளைச் சட்டை.
கோகிலாம்பாள் கோவெண்டர், இரண்டு பெயின்ட் வாளிகளோடு.
மூன்றாவது,
தலையில் இருபது லிட்டர் கேனோடு
கேமராவை நேராகப் பார்க்கிறவள்.
பன்னிரண்டு படத்திலும் இருக்கிறாள்.
டேங்கர் வரிசையில் தினமும் எனக்கு முன்னால் நிற்கிறவள்.
கீழ்ப்பக்கத்து அம்மா, என்று அடித்தேன்.
அழித்தேன்.
மணி மூன்றே கால்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
தார் ரோடு முடிந்து தகரக் கூரைகள் தொடங்குமிடத்தில்
துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
நான் இரண்டு முறை தப்பாக எழுதியதும்
போனை வாங்கித் தானே தட்டினாள்:
சிபொங்கிலே ங்கோபோ.
என்ன எழுதியிருக்கிறாய், படி, என்றாள்.
படித்தேன்.
"பதினொன்று உங்களுக்கு.
இங்கே பத்தொன்பது."

மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன்.
கீழே ஒரு தொலைபேசி எண்,
கூப்பிட்டால் எடுக்கிற எண்ணாக இருக்கட்டும் என்றாள் நொகுதூலா.
அதனால் தலைவருடையதைப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் பக்கம்.
பதினொன்று மேலே, பத்தொன்பது கீழே,
மூன்று பெயரும் எழுத்துப் பிசகாமல்.
தலைவரின் வாக்கியம் மட்டும் காணோம்.
கோயிலில் எதிர்ப்பட்டால்
விபூதித் தட்டைப் பார்த்துக்கொண்டே கடக்கிறார்.

செவ்வாய் தண்ணீர் வந்தது.
செய்தியாலா, வால்வு கிடைத்ததாலா,
யாரும் சொல்லவில்லை.
கீழ்ப்பக்கத்துக்கு வியாழன்.

ஞாயிறு விடிய ஆறு மணிக்கு ஒரு குரல்:
"பேப்பருக்கு அனுப்புகிற தம்பிதானே?
எங்கள் தெருவில் மூணு மாசமாக விளக்கு இல்லை.
இருபது படம் வைத்திருக்கிறேன்,
பூப்போட்ட பார்டரெல்லாம் கட்டி."

ஒன்று போதும் அண்ணா, என்றேன்.
அதில் இடமிருந்து வலம் யார் யார்?

மறுமுனையில்
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.