பச்சை விளக்கை நம்பாதது

கோவண்டி ரத்த வங்கி, முதல் மாடி.
குளிர்பெட்டிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே
ரௌட்டரை ஆணியில் மாட்டுகிறேன்.
இரண்டு கம்பெனி, இரண்டு பில், இரண்டு கறுப்பு வயர்.
"ஒன்று போனால் இன்னொன்று" என்கிறார்
மேனேஜர் பெட்னேகர்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
இரண்டும் ஒரே கம்பத்தில் ஏறி
ஒரே அரசமரத்தில் சாய்ந்து
ஒரே ஓட்டை வழியாக உள்ளே வருகின்றன.
போன வாரம் மாநகராட்சி ஆள் கிளை கழித்தபோது
ஒரே வெட்டில் இரண்டும் போயினவாம்.
ரெண்டு குடை வாங்கி
ரெண்டையும் ஒரே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிய மாதிரி.

ஒன்றைக் கழற்றினேன்.
அதன் இடத்தில் ஒரு சிம் கார்டு.
ஆன்டெனாவை ஜன்னல் கம்பியில் கட்ட
நர்ஸ் ஷகுஃப்தா பேண்டேஜ் துணி கிழித்துக் கொடுத்தாள்.

முதல் வழி, இரண்டாம் வழி என்று
எண் போட ஒரு நிமிடம் போதும்.
முதலாவது செத்ததை
எப்படித் தெரிந்துகொள்வது?
வயர் செருகியபடியே இருக்கும்.
பச்சை விளக்கு சிமிட்டும்.
தெருமுனைப் பெட்டி "இருக்கேன், இருக்கேன்" என்னும்.
அதற்கப்பால் ஒன்றும் இராது.

அதனால் பக்கத்தில் இருப்பவனை விசாரிக்காதே;
தொலைவில் இருக்கும் இரண்டு பேரைக் கேள்,
ஐந்து நொடிக்கு ஒரு தடவை.
மூன்று தடவை இருவரும் வாய் திறக்காவிட்டால்
மாறிக்கொள்
என்று எழுதினேன்.

போனது திரும்பி வந்தால்
மூன்று நிமிடம் வெளியே நிற்க வை.
மழைநாளில் வருவதும் போவதுமாக இருந்த லைனை
வந்த நொடியே நம்பி
முலுண்டில் ஓர் ஆஸ்பத்திரியை
விடிய விடிய ஆட்டிவைத்திருக்கிறேன் நான்.

"அந்த சிம் மாதம் முழுக்க சும்மாதானே இருக்கும்?"
பெட்னேகருக்குக் காசு உறுத்துகிறது.
சும்மா இருப்பதற்குத்தான் சார் காசு.

வயரை உருவிக் காட்டினால் போதும் என்றார்.
போதாது.
அது ரௌட்டருக்கே தெரிந்துவிடும் சாவு.

ஷகுஃப்தா ஓ நெகட்டிவ் இரண்டு பைக்கு
ரசீது அடித்து அனுப்பும் வரை காத்திருந்து
கீழே இறங்கினேன்.
கணுக்கால் தண்ணீரில் கேபிள் பையன் துக்காராம்
கம்பத்துப் பெட்டியைத் திறந்தான்.
மேலே போகிற வயரைத் தொடாதே,
வெளியிலிருந்து வருகிறதை மட்டும் எடு.
எடுத்தான்.

ஐந்து.
பத்து.
குடை மேல் அரசமரம் சொட்டுகிறது.
பதினைந்து. இருபது.
முதல் மாடி ஜன்னலில் ஷகுஃப்தாவின் தலை,
கையில் அடுத்த ரசீது:

"என்ன, இன்னும் ஆஃப் பண்ணலையா?"