எழுபது டிகிரி

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்சந்து, இரண்டாம் மாடி.
எனக்கு வருவது வாய்கள் மட்டும்,
முகம் வருவதில்லை.

இன்று வந்த பிளாஸ்டர் வாயின் அடியில் பென்சிலில்:
ஜெசிமா, 11, வில்லாபுரம்.
மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே
என் சுண்டுவிரல் நுனி நுழைகிறது.
ஸ்கேலில் பதினொரு மில்லிமீட்டர்.

கீழுதடு அந்த இடைவெளியில்தான் படுத்திருக்கும்,
'ம' சொல்லப் போனால்
பல் வந்து குறுக்கே நிற்கும், தெரியும்.
பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் இருக்கும் என்பதும்.
எனக்கு வைத்தது தேங்காத்துருவி.

எல்லோரும் மேல்பல்லைத்தான் திட்டுகிறார்கள்.
பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால்
அது தன் இடத்தில்தான் இருக்கிறது, ஏறக்குறைய.
பின்தங்கியது கீழ்த்தாடை,
பந்தியில் கூச்சப்பட்டுக்
கடைசி இலைக்குப் போய் உட்கார்ந்த மாதிரி.

கூடவே ரோஸ் மெழுகில் ஒரு லாடம்:
தாடையை முன்னால் தள்ளி
டாக்டர் கடிக்கச் சொன்ன ஒரு கடி.
அந்த அரை நிமிஷத்தை
நான் ஒரு வருஷமாக நீட்ட வேண்டும்.

கம்பியில் கொக்கிகள். பிறகு பொடி, திரவம்,
கண்ணைக் கரிக்கும் வாடை.
மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை,
சந்திக்கும் இடத்தில் சரிவு, எழுபது டிகிரி.
வாயை மூடினால்
தாடை வழுக்கி முன்னால் வந்துதான் ஆகணும்.
யாரும் இழுப்பதில்லை.
அவள் கடியே அவளைக் கூட்டிவரும்.
சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது.
முதல் வாரம் எச்சில் ஒழுகும்,
'ச' எல்லாம் நனைந்தே வரும்.

சீட்டின் மூலையில் குழந்தைக் கையெழுத்து:
பச்சை கலர். மினுக்கு நிறையப் போடவும்.
பாக்கெட்டில் இருந்த மட்டும் போட்டேன்.

எலும்பு வளர்கிறதா, பல் சாய்கிறதா என்று
டாக்டர்களுக்குள் இன்னும் சண்டை.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
பதினோரு வயது இன்னும் காயாத சாந்து.
எனக்கு முப்பத்தாறு.
ஒரு ராத்திரி என் வாய்க்கே அளவெடுத்து
ஒரு ஜோடி செய்து மாட்டிப் பார்த்தேன்.
காதுக்கு முன்னால் வலி எடுத்ததுதான் மிச்சம்.

ஆடியில் அனுப்பியது.
சித்திரைத் திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்தபிறகு
இன்னொரு வாய் வந்தது. அதே பென்சில்,
ஜெசிமா, 12.
சுண்டுவிரல் போகவில்லை.
மூன்று மில்லிமீட்டர்.

இந்நேரம் வில்லாபுரத்தில் ஏதோ ஒரு மாடிப்படியில்
அவள் 'உம்மா' என்று கூப்பிட்டிருப்பாள்,
ரெண்டு உதடும் சேர.
கூப்பிட்டவளுக்கே அது தெரிந்திருக்காது.

அடுத்த பார்சல் திருமங்கலத்துப் பையன்,
ஒன்பது மில்லிமீட்டர், நீலம்.
மினுக்கு வாங்கணும்.