குடும்பப்பெயருக்கான கட்டம்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடியில் என் கணினி மையம்.
பலகையில் மேலே மலையாளம், கீழே தமிழ்,
நடுவில் எப்போதும் ஒரு பல்லி.

கணவாய்க் காற்று கதவை உலுக்கும் ஆனி மாதம்.
கடவுச்சீட்டுப் படிவத்தைத் திறந்து
குடும்பப்பெயர்? என்றேன்.
இந்த இடம் வந்ததும் பாதிப்பேர்
என் முகத்தைப் பார்ப்பார்கள்.
அவள் பார்க்கவில்லை.
வாக்கர், என்றாள்.

ஷெரில் வாக்கர். சித்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
ஒலவக்கோட்டு ரயில்வே காலனியில் பிறந்தவள்,
பெர்த்துக்குப் போகப்போகிறவள்.
கொள்ளுத்தாத்தா கரி எஞ்சின் ஓட்டியவராம்.
ஒரு ராத்திரி எஞ்சின் மக்கர் செய்ய
யானைக்குப் பயந்து பயந்து
வாளையாறு காட்டைத் தண்டவாளத்தோடு நடந்தே கடந்தாராம்.
அதனால்தான் வாக்கர் என்று
வீட்டில் ஒரு கதை.

சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது.
சும்மா இருப்பானேன் என்று தேடிப் பார்த்தேன்.

நடந்தவர் இல்லை.
மிதித்தவர்.

எழுநூறு எண்ணூறு வருஷம் முன்பு
இங்கிலாந்தின் வடக்கே
தறியிலிருந்து இறங்கிய கம்பளியைத் தொட்டியில் போட்டு
களிமண் கரைத்து, புளித்த மூத்திரம் ஊற்றி,
முழங்கால் வரை இறங்கி
மிதித்து மிதித்து அழுக்கெடுத்தவர்.
தெற்கே அதே ஆள் ஃபுல்லர்.
தென்மேற்கே போனால் டக்கர்.
அதே தொட்டி, அதே நாற்றம்.
இன்றைக்கு யார்க்‌ஷயரில் பல் பிடுங்குகிறார்கள் வாக்கர்கள்,
கிளாஸ்கோவில் பஸ் ஓட்டுகிறார்கள்.
ஜமைக்காவில் இருப்பவர்களில் பலர்
அந்தப் பெயரைக் கேட்டு வாங்கியவர்கள் இல்லை,
கரும்புத் தோட்டத்து முதலாளி
சூடுபோல வைத்துவிட்டுப் போனது.

படித்துக் காட்டினேன்.
மூத்திரம் வந்த இடத்தில் கொஞ்சம் விழுங்கினேன்.
அவள் கைகொட்டிச் சிரித்தாள்.
டோபியா நாங்க?
அப்போதே அம்மாவுக்குப் போன் போட்டாள்.
அந்தப் பக்கமும் ஒரே சிரிப்பு.
நானும் சிரித்தேன்,
ஒரு நொடி பிந்தி.

உவர்மண் என்ற சொல் என் நாக்கில் இருந்தது.
வெள்ளாவி என்ற சொல் இருந்தது.
எடுத்துக் கொடுக்கவில்லை.

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம்
எங்களுக்கும் ஒரு பேர் உண்டு.
இந்தப் பக்கம் வந்தால் இன்னொன்று,
நகரி தாண்டினால் தெலுங்கில் வேறு.
பேர் மாறினால் பட்டியல் மாறும்,
தாசில்தார் கேட்கும் கேள்வியும் மாறும்.
எங்கும் யாரும் அதை
எங்கள் பேருக்குப் பின்னால் வைத்ததில்லை.
பேருக்குப் பதிலாக வைத்தார்கள்.
ஆறாம் வகுப்பில் பதிவேட்டிலிருந்து
அதை உரக்கப் படித்த குரல்
இன்னும் காயவில்லை.

அவளுடையது எப்படிக் காய்ந்தது?
அலசியது காலமா, கப்பலா,
பீரங்கியா,
எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போடச் சொன்னேன்.
டபிள்யூவை
இறங்கி ஏறி
இறங்கி ஏறி
தொட்டிக்குள் கால் வைப்பதுபோல எழுதினாள்.
நூற்றைம்பது ரூபாய். மீதிச் சில்லறை இல்லை,
பரவாயில்லை என்றாள்.

அடுத்து வந்தவர் கோழிப்பண்ணை லாரி டிரைவர்,
துபாய்க்குப் போகிறார்.
குடும்பப்பெயர்னா என்னங்க?
அப்பா பேரைப் போட்டுக்கலாம் என்றேன்,
எல்லாரிடமும் சொல்வதுபோல.

என் கடவுச்சீட்டிலும் அந்தக் கட்டத்தில்
மாகாளி என்றுதான் இருக்கிறது.
பெரிய எழுத்தில், தெளிவாக,
ஊரில் ஒருவரும்
என் அப்பாவைக் கூப்பிடாத பெயர்.