நாலாவது வரிசை

கச்சான் அடிக்கும் ஆனி மாதத்தில்
கீழக்கரையில் எதைத் தொட்டாலும் உப்பு.
எங்கள் எந்திரத்துக்கு உப்பு ஆகாது.
துளி மிஞ்சினாலும்
டிஎன்ஏவை முந்திக்கொண்டு
மயிரிழைக் குழாய்க்குள் அது ஓடிவிடும்.
ஆகவே ஆல்கஹாலில் கழுவுகிறேன்,
சுழற்றி, கவிழ்த்து, மறுபடி கழுவுகிறேன்.
குழாயின் அடியில் ஒன்றுமே தெரியாது.
தெரியாததை நம்பி மூடிவைப்பதுதான்
இந்த வேலையில் பாதி.

கம்பெனி தந்த கன்ட்ரோல் தீர்ந்துவிட்டது.
புதியது மதுரை பார்சல் ஆபீசில்,
ஞாயிற்றுக்கிழமை என்று கிடக்கிறது.
"நோயில்லாத ரத்தம் ஒன்று போதும், ராவியத்"
என்றார் டாக்டர் சேதுராக்கு.
நான் கையை நீட்டினேன்.
முனீஸ்வரி ஒரே குத்தில் எடுத்துவிட்டாள்.

மற்ற மூன்று குழாயும் பெரியபட்டினம்:
தாய், தகப்பன்,
மாதம் ஒரு பை ரத்தம் ஏற்றும் பிள்ளை.
பிள்ளையின் ஐந்தாம் இடத்தில்
ஒரே நீல முகடு, பிசிறில்லாமல்.
நோய்க்கு எப்போதும் நல்ல கையெழுத்து.

நாலாவது வரிசை நான்.
ஓட்டுவதற்கு முன்பே நார்மல் என்று
பெயர் வைத்திருந்தேன்.
கறுப்பு ஜி மட்டும் நிற்க வேண்டிய இடத்தில்
பாதி உயரம் கறுப்பு, பாதி உயரம் நீலம்,
ஒரே நங்கூரத்தில் இரண்டு வத்தை.

சாயம் கலந்திருக்கும்.
எதிர்த்திசை ப்ரைமர் போட்டு
மறுமுனையிலிருந்து வாசித்தேன்.
அந்த இழையில் ஜிக்கு எதிரே சி,
சிக்கு எதிரே ஜி.
ஆக, அதே இரண்டு.
விகடகவியை எந்தப் பக்கமிருந்து படித்தால் என்ன?

வியாழன்தோறும் வகுப்பில்
நிற்கவைத்துத் தந்த இரும்பு மாத்திரை,
"முழுங்குறியா, துப்புறியா?
இன்னும் வெளுத்துத்தானே இருக்கே"
என்ற சரோஜா டீச்சர்.
முழுங்கினேன் டீச்சர். எல்லாவற்றையும்.

உம்மாவா வாப்பாவா,
இந்தக் கோடு சொல்லாது.
'இவருக்குப் பாதிப்பில்லை. திருமணத்துக்கு முன்
துணைக்கும் பரிசோதனை தேவை.'
நூறு பேருக்கு நான் தட்டச்சிட்ட வரி.
இன்றுதான் அதைப் படித்தேன்.

நோட்டில் எழுதினேன்:
கன்ட்ரோல் தவறு, ஓட்டம் செல்லாது.
கீழே ஐஸ் பேக்டரியில்
கட்டி உடைக்கிற சத்தம்.
முனீஸ்வரி டீ கொண்டுவந்தாள்.
அவள் முழங்கை மடிப்பில்
பச்சையாக, எடுப்பாக ஒரு நரம்பு.
கேட்கலாமா என்று பார்த்தபடியே
ஆறிப்போன டீயைக் குடித்தேன்.