மேலும் நான்கு வாரம்

பிங்கர்போஸ்ட் நிறுத்தத்துக்கு எதிரே என் கடை.
கணினி ஒன்று, பிரின்டர் ஒன்று,
ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் பச்சைத்தாள் ஒரு கட்டு.
வாதிக்கும் அடிப்பேன், பிரதிவாதிக்கும் அடிப்பேன்.
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.

சவரியப்பனின் பிராதை நான்தான் அடித்தேன்.
கிளைச் சிறை, தை மாதம், உறைபனி,
ஒரே கம்பளி, அதுவும் நனைந்தது,
இடதுகாலில் இரண்டு விரல்
கறுத்து, பிறகு இல்லாமல் போனது வரை
ஆறு பக்கம்.
ஏழாம் பத்தியில் 'விறல்' என்று விழுந்துவிட்டது.
வக்கீல் சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார்:
விறல் என்றால் வெற்றி அய்யா,
ரெண்டு வெற்றி போச்சு என்றா கேட்கிறோம்?

அரசுத் தரப்பு எதிருரைக்கு முப்பது நாள்.
முப்பதாம் நாள் என் கடைக்கு ஆள் வந்தது.
கண்காணிப்பாளர் மாறுதலில் போய்விட்டார், அவகாசம் வேண்டும்.
அடித்தேன்.
மருத்துவக் கோப்பு கோவையில் இருக்கிறது.
அடித்தேன்.
பர்லியாறில் மண் சரிந்து வண்டி திரும்பிவிட்டது.
அது உண்மை. அன்று எனக்குப் பேப்பரே வரவில்லை.
அதன்பிறகு காரணம் தேடுவதை விட்டுவிட்டார்கள்.
'நிர்வாகக் காரணங்களால்.'
பழைய மனுவைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவேன்.
அதற்கும் பதினைந்து ரூபாய்தான்.

வாய்தா தோறும் பிலோமி
சேரம்பாடியில் முதல் பஸ் ஏறுவாள்.
தோட்டத்தில் அன்றைக்குப் பேர் விழாது.
நடுவட்டம் ஏற்றத்தில் வாந்தி எடுத்து,
முகம் கழுவி, என் கடையோரம் வந்து நிற்பாள்.
'இன்னிக்காவது பதில் போடுவாங்களாண்ணே?'
போடமாட்டார்கள் என்று
அரைமணி முன்புதான் அடித்து முடித்திருப்பேன்.
பிரின்டரில் தாள் சிக்கியதுபோலக் குனிந்துகொள்வேன்.

அவனைக் கோவையிலிருந்து வேனில் ஏற்றி வருவார்கள்.
ஏழாவது வாய்தாவோ எட்டாவதோ,
காவலர் டீக்கு நின்ற நேரம்
கம்பி வலைக்குப் பின்னாலிருந்து சொன்னான்:
'பதினாலு கொண்டை ஊசியையும் எண்ணிக்கிட்டே வர்றேன்.
கல்லாறு தாண்டினா காது அடைக்கும்.
குன்னூர் கிட்ட கொழுந்து வாசம்.
இல்லாத ரெண்டு விரலும்
அங்க வந்துதான் குளுர ஆரம்பிக்கும்.
தள்ளிப்போட்டா வயிறு எரியுது.
தள்ளிப்போடலேன்னா
இந்த ரோடு எனக்கு ஏது?'

மாசியில் உத்தரவு வந்தது,
வாதி இனிக் காணொலியில் ஆஜரானால் போதும்.
ஒரு சதுரம். அதில் மார்புவரை ஒரு மனிதன்.
சத்தம் விட்டுவிட்டு வந்தது.
கால் தெரியவில்லை.
பிலோமி திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்,
யாரை என்று தெரியாமல் பெஞ்சு கிளார்க் நெளிந்தார்.

பதினோரு அவகாசத்துக்குப் பிறகு எதிருரை தாக்கலானது.
மறுப்புரைக்கு அவனுக்குப் பதினைந்து நாள்.
நகல் சிறைக்குள் போய்ச் சேர்ந்தது பதினான்காம் நாள்.
சிறை முத்திரையோடு அவன் கையெழுத்தில் ஒரு மனு:
இரண்டு வாரம் வேண்டும்.
நேரில் வந்து சொல்ல அனுமதியும் வேண்டும்.
தேதி மாற்றிக் கொடுக்கலாமென்று பழைய கோப்பைத் தேடினேன்.
அந்தப் பக்கத்துக்கு என்னிடம் மாதிரியே இல்லை.
முதல் எழுத்திலிருந்து அடித்தேன்.

சாயங்காலம் அரசுத் தரப்பு ஆட்சேபம் வந்தது,
அதே கடைக்கு, அதே தாளில் அடிக்க:
'வாதி வேண்டுமென்றே வழக்கை இழுத்தடிக்கிறார்.'
அடித்தேன்.
பிழை ஒன்றும் விழவில்லை.

திங்கட்கிழமை உத்தரவு.
வெளியே பனிமூட்டம், எதிர்ச் சுவர் தெரியவில்லை.
பிலோமி இந்நேரம் கூடலூர் தாண்டியிருப்பாள்.
இன்றைக்கும் பேர் விழாது.