கோரம்

வியாழக்கிழமை இரவு எட்டுக்குக் கூட்டம்.
ஆரம்பிக்க எட்டே முக்கால் ஆகும்.
நேரத்துக்குத் திறந்துவிட
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு
எங்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை.

வெல்டிங் பட்டறைக்கு மேலே தகரக் கூரை.
எட்டு நாற்காலி. ஒன்பதாவதற்குக் கால் மூன்று,
பொருளாளர் தேசிங்கு மட்டும்தான் அதில் உட்காருவார்.
கணக்கு எழுதுறவனுக்கு
சாயாம உட்காரத் தெரியணும் என்பார்.

ஐந்து பேர் வந்தால் கோரம்.
சேர்ந்த முதல் வாரம் அஞ்சலாட்சி,
‘கோரம் இருக்கா?’ என்று தலைவர் கேட்டதும்
‘அய்யய்யோ, யாருக்கு இன்னா ஆச்சு?’ என்று எழுந்துவிட்டாள்.
அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.
தலைவர் அடித்துவிடச் சொன்னார்.
படிக்க முடிகிற மாதிரிதான் அடித்தேன்.

செயலாளர் நான்.
பகலில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களை எண்ணுகிறேன்,
வியாழன்தோறும் மனிதர்களை.

இந்த வாரம்:
கால்வாய் ஓரத்துப் பிள்ளைகளுக்கு நோட்டு,
கேட்டது நூற்றிருபது, காசு இருப்பது எண்பதுக்கு.
ரத்ததான முகாமுக்கு பிஸ்கட்டா, வாழைப்பழமா.
நடைமேம்பாலம் கேட்டு இன்னொரு மனு,
போன மனுவில் தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்றார் யூசுப்.
காதுகுத்துக்கு இரவல் போன அண்டா
அடி கருகித் திரும்பியது பற்றி
அரை மணி நேரம்.

டீ வந்தது. கூடவே
தலைவர் டெல்லிபாபுவுக்கு ஒரு போன்.

கன்னியப்பன்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு.
சாயங்காலம் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.
பெட்டி வேண்டுமாம்.

எங்களிடம் ஒரு ஃப்ரீசர் பெட்டி உண்டு.
வாடகை கிடையாது, கரன்ட்டு மட்டும் வீட்டுக்காரர்களுடையது.
நாலு வருஷம் முன்பு அதை வாங்கிய கணக்கில்
எழுநூறு ரூபாய் இடிக்கிறதென்று
மேஜையைத் தட்டிவிட்டுப் போனவர்தான் கன்னியப்பன்.
பெயரை நீக்க யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.
வாராவாரம் அந்தப் பெயருக்கு நேரே
‘வரவில்லை’ என்று எழுதிவந்தேன்.
இருநூறு ‘வரவில்லை’ தேறும்.

முதலில் எழுந்தது தேசிங்கு.
நாற்காலி சாய்ந்தது.

மீன்பாடி வண்டியில் பெட்டியை ஏற்றி
யூசுப் மிதிக்க, நாங்கள் பின்னாலிருந்து தள்ளி
போய்ச் சேர்ந்தால்
கேட்டு போட்டிருந்தது.

சரக்கு ரயில். நிலக்கரியோ சிமென்ட்டோ,
இருட்டில் தெரியவில்லை. குறுக்கே வந்து நின்றுவிட்டது.
அவசரக்காரர்கள் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
ஏறி இறங்கி அந்தப் பக்கம் போனார்கள்.
எங்கள் பெட்டி ஏறாது.

பத்து நிமிஷம். இருபது.
‘மீதி விஷயத்த முடிச்சிடலாம்பா’ என்றார் டெல்லிபாபு.
ஆறு பேர் இருந்தோம்.
கோரம் இருக்கா என்று யாரும் கேட்கவில்லை.

கண்ணாடி மூடிமேல் குறிப்பேட்டை விரித்தேன்.
யாரோ செல்போன் வெளிச்சம் பிடித்தார்கள்.
நோட்டு நூற்றிருபதும் வாங்குவது, நாற்பது கடனில்.
முகாமுக்கு வாழைப்பழம்.
அண்டாவைப் பற்றிப் பேச்சில்லை.

தேசிங்கு தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்:
‘அந்த எழுநூறு. என் கையிலேர்ந்து. எழுதிக்கோ.’
‘இப்ப எதுக்கு?’ என்றாள் சகாயமேரி.
‘அப்ப கேட்டாரு இல்ல.’
எடுத்தாரா, தொலைத்தாரா, கூட்டலில் பிசகா,
அதை யாரும் கேட்கவில்லை.
‘முன்மொழிகிறேன்’ என்றாள் அஞ்சலாட்சி.
கூட்டத்துச் சொற்களில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

வரவு: எழுநூறு.
செலவு: டீ ஆறு, குடிக்காதது.
கூட்டம் முடிந்த நேரம்: கேட்டு திறந்தபோது.

வருகைப் பதிவை முடிக்க வேண்டும்.
தேசிங்கு, வந்தார். யூசுப், வந்தார். சகாயமேரி, வந்தார்.
கன்னியப்பன் பெயருக்கு நேரே
பேனாவை வைத்தேன்.

‘தள்ளுங்கபா, வழி உட்டுட்டான்!’

மூடினேன். தள்ளினேன்.
அந்தக் கட்டம் இன்னும் காலி.