மகமை

எங்கள் பேரேட்டின் முதல் பக்கம் லாபமல்ல,
மகமை.
நூற்றுக்கு அரை ரூபாய்.
பட்டறை ஒற்றைத் தொட்டியாக இருந்த நாளிலேயே
அதை எழுதிய பிறகுதான்
மின்கட்டணத்தையே எழுதுவேன்.

அரை ரூபாய்கள் கூடி
காரைக்காட்டுவலசில் நான்கு வகுப்பறைகள் ஆயின.
திருப்பூரிலிருந்து நொய்யலோடு போனால்
முப்பது கிலோமீட்டர் கீழே.
சலவைக்கல்லில் என் பெயர்.
பொங்கியண்ணனில் ஒரு புள்ளியை விட்டுவிட்டார்கள்,
பரவாயில்லை என்றேன், பெரிய மனதோடு.

திறப்பு விழாவில் ஆளுக்கொரு இளநீர்.
இனித்தது.
எதிரே நின்ற மரங்களைக் காட்டி
"இந்தத் தோப்புங்களா?" என்றேன்.
"இல்லீங்க, பொள்ளாச்சிக் காயிங்க.
நேத்து டெம்போ வெச்சுக் கொண்டாந்தமுங்க"
என்றாள் ருக்காத்தாள்.
தோப்பு அவளுடையதுதான்.

"அதுல ஒண்ணு வெட்டுங்க."
"வேண்டாமுங்க.
வந்தவங்களுக்குக் குடுக்கற காயில்லீங்க அது."
"சும்மா வெட்டுங்க."

வெட்டினாள்.
வாயில் பட்டதும் தெரிந்துவிட்டது.
ஒரு கிலோ துணிக்கு எத்தனை உப்பென்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவன் நான்.
அடர்சிவப்புக்கு அள்ளிப் போடவேண்டும்,
வெளிர்நீலத்துக்குக் கொஞ்சம் போதும்.
இது எந்த வருஷத்துச் சிவப்பு?
எந்த நாட்டுக் கிறிஸ்துமஸுக்குப் போனது?
முழுக்கக் குடித்தேன்.
யாரும் கைதட்டவில்லை. அதுவே நல்லதாய்ப் போயிற்று.

அன்றிரவு பள்ளிக்கூடத்தை
மகமையிலிருந்து அடித்து
கொடுபடவேண்டிய கடனில் எழுதினேன்.
ஆடிட்டர் சிரித்தார்:
"கடன்னா ரசீது வேணுமே? யார் குடுத்தா?"
வரிவிலக்கும் போய்விடுமாம்.
போகட்டும்.

இன்று என் பட்டறையிலிருந்து
ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போவதில்லை.
என் நல்ல குணமென்று எண்ணிவிடாதீர்கள்.
கதவில் பூட்டு விழுந்த பிறகு வந்த புத்தி அது.
தண்ணீர் திரும்பி வருகிறது, உப்பும் பாதி வருகிறது.
எதற்கும் ஆகாத மீதி
தகரக் கொட்டகையில் மூட்டை மூட்டையாய் இருக்கிறது.
அன்னதானத்துக்கு அரிசி வாங்கிக்கொள்வார்கள்,
கும்பாபிஷேகத்துக்குச் செம்பு வாங்கிக்கொள்வார்கள்.
இதை யாரிடம் தானம் கொடுப்பது?

எட்டுப் பட்டறைக்காரர்கள்
மகமையை ஒட்டுக்காகச் சேர்த்தோம்.
இரண்டு பேர் பாதியில் கழன்றுகொண்டார்கள்,
அவர்கள் வட்டிக்கட்டு அவர்களுக்கு.
தாராபுரத்திலிருந்து ஷகிலா பானு வந்தாள்,
வேதியியல் படித்தவள்.
அந்த மீதியைப் பிரித்து
மறுபடி தொட்டிக்கே அனுப்பப் பார்க்கிறாள்.
முதல் முறை கட்டியாகிவிட்டது.
இரண்டாம் முறை குழாயே அரித்துப்போனது.
"ரெண்டு வருஷம் ஆகும் சார்.
ஆகாமலும் போகலாம்."
இப்படிப் பேசுகிற ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது
என் தொழிலில் எனக்கே புதிது.

ஹாம்பர்க்கிலிருந்து கடிதம் வந்தது.
எங்கள் முயற்சி அவர்களை நெகிழவைத்ததாம்.
அடுத்த பத்தியில்
விலையில் நான்கு சதவீதம் குறைக்கச் சொல்லியிருந்தார்கள்.
நான் எழுதினேன்:
ஒரு பனியனுக்கு மூன்று ரூபாய் கூட்டுங்கள்.
பில்லில் நூல், சாயம், தையல் போல
உப்பு என்றும் ஒரு வரி இருக்கட்டும்.
மேலே படம் போட்ட துணி வேண்டாம்,
இந்த ஒரு வரி போதும்.

பதில் இல்லை.
தீபாவளிச் சம்பளம் வேறு நெருங்குகிறது.

மாதாமாதம் ருக்காத்தாளுக்குப் போன் போடுவேன்.
நாங்கள் கொடுத்த மீட்டரைக் கிணற்றில் விட்டு
அளவு சொல்வாள்.
"ரெண்டாயிரத்து நூறுங்க."
போன மாதத்துக்கு நாற்பது குறைவு.
என் குரலில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்,
உடனே சொன்னாள்:
"அது மழைங்க. நீங்க இல்லீங்க."

அப்படியே எழுதிக்கொண்டேன்,
முதல் பக்கத்தில்,
மகமைக்கும் மேலே.